3ஏ அறிவிப்பில் எங்கள் சர்வே எண்ணும் வந்திருக்கிறது: பத்திரத்தில் குறைத்து எழுதிய விலைதான் இழப்பீடா?

கண்மாய்க்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் வாடிப்பட்டிப் பக்கம், பெரியார் பாசனத்தில் ஒரு சின்னக் கிராமம். எங்களுக்கு இருப்பது 1 ஏக்கர் 10 சென்ட். நான்கு வழிச்சாலைக்கு அதன் நடுவில் 40 சென்ட் போகிறது. நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்து இன்றோடு 9 நாள்.

2020-ல் அப்பா இருந்த சேமிப்பையும் அம்மாவின் நகையையும் வைத்து வாங்கிய நிலம். சென்ட் 25,000 ரூபாய் கொடுத்தோம். பத்திரத்தில், பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 10,000 என்று எழுதினோம். அப்போது ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இன்று வழிகாட்டி மதிப்பு 15,000, வெளியில் விலை 40,000.

அலுவலகத்தில் விசாரித்தால், "உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதானே உங்கள் விலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தான் குடும்பத்தை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். போகிற 40 சென்டில் காய்ப்புக்கு வந்த தென்னை இருக்கிறது, எல்லாம் அம்மா வைத்த கன்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திர எழுத்து

தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்களிடம் சொன்னது தவறு.

நான் மதுரையில் 30 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26-வது பிரிவு, சந்தை மதிப்பை இரண்டு வழியில் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, வழிகாட்டி மதிப்பு. இன்னொன்று, அதே ஊரிலோ பக்கத்திலோ அதே மாதிரி நிலங்கள் விற்ற விலையின் சராசரி. இரண்டில் எது அதிகமோ அதுதான் மதிப்பு.

அந்தச் சராசரியை எப்படி எடுப்பது என்பதுதான் முக்கியம். அறிவிப்புக்கு முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களைத்தான் எடுக்க வேண்டும். அவற்றையும் விலை வரிசையில் அடுக்கி, அதிக விலை உள்ள மேல் பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போட வேண்டும். உங்கள் பத்திரம் 2020. அது கணக்குக்குள்ளேயே வராது. உங்கள் அப்பா எழுதிய 10,000 உங்களைக் கட்டாது.

கட்டுவது எது தெரியுமா? கடந்த 3 வருடத்தில் உங்கள் ஊரில் மற்றவர்கள் எழுதிய விலை. அவர்கள் எல்லோரும் வழிகாட்டி மதிப்பையே எழுதியிருந்தால், மேல் பாதியை எடுத்தாலும் அதே 15,000-தான் வரும். பயம் அங்கேதான் இருக்கிறது.

கண்மாய்க்கரை

ஐயா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆனால் இது நெடுஞ்சாலைக்கு எடுப்பது. 2013 சட்டம் இதற்கு வராது என்று இன்னொருவர் சொன்னார். அது உண்மையா?

தென்கரையான்

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பாதி உண்மை.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுப்பது 1956-ம் ஆண்டுச் சட்டப்படி. 2013 சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க ஆய்வு போன்ற நடைமுறைகள் அதற்குக் கிடையாது. ஆனால் 2013 சட்டத்தின் நான்காவது அட்டவணையில் உள்ள 13 மத்தியச் சட்டங்களுக்கும் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகிய மூன்றும் பொருந்தும் என்று 2015 ஆகஸ்ட் 28-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. நெடுஞ்சாலைச் சட்டம் அந்த 13-ல் ஒன்று. ஆக, எடுக்கும் முறை 1956, பணம் போடும் கணக்கு 2013.

மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், தொழிற்பேட்டை என்றால் 1997-ம் ஆண்டுச் சட்டம். இவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டு வந்து உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதைப் படிக்கிற மற்ற ஊர்க்காரர்கள், எந்தச் சட்டத்தின் பெயரில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நாள் கெடுவும் மனுப் போட வேண்டிய இடமும் சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

தம்பிக்கு இப்போது அவசரம் விலை அல்ல. 3ஏ, 3சி என்பதெல்லாம் அந்த 1956 சட்டத்தின் பிரிவுகள். 3ஏ வெளியாகி 21 நாளுக்குள் 3சி ஆட்சேபனை போட வேண்டும். 9 நாள் போய்விட்டது, மிச்சம் 12. விலை குறைவு என்று அதில் எழுதிப் பயனில்லை, அதற்கு வேறு கட்டம் இருக்கிறது. நிலம் எப்படி வெட்டுப்படுகிறது, கிணறு எந்தப் பக்கம், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், அதற்குத் தக்க மனு சொல்கிறேன்.

உசிலைக்காரன்

பத்திர எழுத்து ஐயாவிடம் ஒரு கேள்வி. குறைத்து எழுதியது மக்கள் தப்பு என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். வழிகாட்டி மதிப்பை வைத்ததே அரசு. 2017 ஜூனில் ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் திரும்பப் பழைய மதிப்புக்கு ஏற்றியது, 2024 ஜூலையில் மறுபடி திருத்தியது. நிலத்தின் விலை அப்படியா ஏறி இறங்கியது? முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 2017-க்குப் பிறகு 11 சதவீதம். விவசாயி எங்கே போவான்? அரசு ஒரு விலையைச் சொல்லி, அந்த விலைக்கு எழுதிய பிறகு, அதே விலையை வைத்து அவன் நிலத்தை எடுத்துக்கொள்வது நியாயமா?

பத்திர எழுத்து

நியாயம் இல்லைதான் தம்பி. எனக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். நூற்றுக்கணக்கான பத்திரங்களில் என் கையாலேயே வழிகாட்டி மதிப்பை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களிடம் "இதுக்கு மேல எதுக்கு எழுதுறீங்க, வீண் செலவு" என்று சொல்லியும் இருக்கிறேன். இழப்பீட்டுக் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்த்த அன்றுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே புரிந்தது. அந்தக் கணக்கை இந்தத் தம்பியின் நிலத்துக்கே போடுகிறேன்.

2020-ல் அவர்கள் சென்டுக்கு 15,000 குறைத்து எழுதினார்கள். 110 சென்டுக்கு 16,50,000. அதில் 11 சதவீதம், 1,81,500 ரூபாய் மிச்சம்.

இப்போது போவது 40 சென்ட். கிராமப்புற நிலத்துக்கு 1 முதல் 2 வரை ஒரு பெருக்கல் காரணி உண்டு, நகரத்தில் இருந்து தூரத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு 1.25 என்று வைத்துக்கொள்வோம். மரம், கிணறு, மோட்டார் ரூம் எல்லாம் சேர்த்து 2,50,000 என்று வைப்போம்.

ஊர் முழுக்க 15,000 என்று எழுதியிருந்தால்: நிலம் 6 லட்சம், 1.25-ஆல் பெருக்கினால் 7.5 லட்சம், மரம் கிணறு சேர்த்து 10 லட்சம். அதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. மொத்தம் 20 லட்சம்.

ஊர் முழுக்க உண்மையான 40,000 எழுதியிருந்தால்: நிலம் 16 லட்சம், 1.25-ஆல் 20 லட்சம், மரம் கிணறு சேர்த்து 22.5 லட்சம், ஆறுதல் தொகையோடு 45 லட்சம்.

25 லட்சம் வித்தியாசம், அதுவும் 40 சென்டுக்கு மட்டும். சட்டம் நிலத்தின் விலையைப் பெருக்கி, பிறகு இரண்டு மடங்காக்குகிறது. அதனால் அடியில் ஒரு ரூபாய் குறைந்தால் மேலே இரண்டரை ரூபாய் குறைகிறது. இதற்கு மேல், அறிவிப்பு நாளில் இருந்து அவார்டு (இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் உத்தரவு) நாள் அல்லது நிலத்தைக் கையில் எடுத்த நாள், எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதமும் உண்டு. அதுவும் அடி விலையில் இருந்துதான் கணக்காகும்.

அரசு செய்தது நியாயமா என்று கேட்பது சரியான கேள்வி, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் உங்கள் ஊரில் யாராவது நிலம் வாங்கினால், உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். அவருக்காக மட்டும் அல்ல, பக்கத்து வயல்காரனுக்கும் அந்தப் பத்திரம்தான் சாட்சி. 2023 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணம் 4-ல் இருந்து 2 ஆகிவிட்டது, மொத்தம் 9 சதவீதம்.

உசிலைக்காரன்

கணக்கைப் பார்த்த பிறகு எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் ஒப்புக்கொண்டாலும் விற்கிறவர் ஒப்ப மாட்டார். வருமான வரி வந்துவிடும் என்ற பயம்.

பத்திர எழுத்து

கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. எல்லை மட்டும் பார்க்க வேண்டும். 10,000 முதல் 1 லட்சம் வரை மக்கள் தொகை உள்ள ஊர் என்றால் அதன் எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. நேர்கோட்டுத் தூரம். மதுரை மாநகராட்சிக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய வயலை விற்கிறவர் எதற்காகப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிவதில்லை. தெரியாததால் வரும் பயம்தான். இழப்பீட்டுப் பணத்துக்கும் 2013 சட்டத்தின் 96-வது பிரிவுப்படி வருமான வரி விலக்கு உண்டு.

கண்மாய்க்கரை

தென்கரையான் ஐயா கேட்ட விவரம்: சாலை வடக்குத் தெற்காகக் குறுக்கே போகிறது. கிழக்கே 25 சென்ட் மிஞ்சும், மேற்கே 45 சென்ட். கிணறும் மோட்டாரும் கிழக்கே. கண்மாய் மடையில் இருந்து வரும் வாய்க்காலும் கிழக்கே இருந்துதான் வருகிறது. மேற்கே உள்ள 45 சென்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

தென்கரையான்

நான் பயந்தது அதேதான். 40 சென்ட் போகிறது என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் உங்களுக்கு 85 சென்ட் போகிறது, ஏனென்றால் தண்ணீர் ஏறாத 45 சென்ட் நஞ்சை அல்ல.

பணியில் இருந்த காலத்தில் இப்படி வெட்டுப்பட்ட வயல்களை எத்தனையோ அளந்திருக்கிறேன். சாலை போட்டு இரண்டு வருடம் கழித்துப் போனால், ஒரு பக்கம் பச்சையாக இருக்கும், மறுபக்கம் கருவேலம் மண்டியிருக்கும். கேட்டால் "தண்ணி கொண்டுபோக வழி இல்ல சார்" என்பார்கள். சாலையின் மண்ணைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு குழாயைக் கீழே போட்டுவிட்டால் முடிந்த வேலை அது. சாலை முடிந்த பிறகு யாரும் தோண்ட விட மாட்டார்கள்.

ஆட்சேபனை மனுவில் மூன்றைக் கேளுங்கள். வாய்க்கால் போகிற இடத்தில் பாலம். கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகச் சாலைக்குக் கீழே ஒரு கான்கிரீட் குழாய். மேற்குப் பக்கத்துக்கு வண்டி, டிராக்டர் போகும் வழி. புலப்படத்தில் (உங்கள் சர்வே எண்ணின் அளவை வரைபடம்) கிணறு, மடை, வாய்க்கால் எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்து இணையுங்கள். அந்த வாய்க்காலில் பாயும் மற்ற வயல்காரர்களையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடுங்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள்.

அடுத்து 3டி அறிவிப்பு. அது வந்ததும் நிலம் மத்திய அரசுடையது ஆகிவிடும். அதன் பிறகு 3ஜி-யில் உரிமை கோரி மனுக் கேட்பார்கள். விலைக்கான ஆதாரத்தைக் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். நிலம் துண்டாவதால் வரும் நஷ்டம், மிச்ச நிலத்துக்கு வரும் பாதிப்பு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்காதவனுக்குப் போட மாட்டார்கள்.

இன்னொன்று, அடங்கல், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. பல ஊரில் பழைய பதிவையே பார்த்து எழுதி, நெல் விளைகிற வயலைத் தரிசு என்று வைத்திருப்பார்கள். இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பாருங்கள். தென்னை எத்தனை, வயது என்ன, கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று எழுதி, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அதிகாரிகள் சேர்ந்து அளக்கும் கூட்டு அளவைக்கு வரும்போது நீங்களோ அப்பாவோ நிலத்தில் நிற்க வேண்டும். ஒரு மரம் விட்டுப்போனாலும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

மேலூர் அக்கா

தம்பி, பட்டா யார் பெயரில் இருக்கிறது? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், 2024 நவம்பரில் எங்கள் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது வீட்டுக்கு வீடு தகரப்பெட்டியைத் திறந்தோம். எங்கள் வீட்டில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. அவர் இறந்து 22 வருடம். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி என்று ஊர் ஊராகத் திரண்டு போராடி, 2025 ஜனவரி 23-ல் அந்த ஏலம் ரத்தானது. எங்கள் நிலம் தப்பியது. ஆனால் எடுத்திருந்தால் பணம் யார் கையில் வந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வரவில்லை.

அத்தைகள் மூன்று பேர், சித்தப்பா இரண்டு பேர், யாரிடமும் பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லை. பங்கில் தகராறு என்றால் பணம் நீதிமன்றத்துக்குப் போய்விடும், வழக்கு முடிகிறவரை அங்கேயே இருக்கும். அதோடு, பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கி ஆண் பிள்ளைகள் மட்டும் பணம் வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு பிறப்பிலேயே உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கூடப் பிறந்த அக்கா தங்கைகளை விட்டுவிட்டு மனுப் போடாதீர்கள், யாராக இருந்தாலும் சரி.

கண்மாய்க்கரை

அக்கா, நிலம் அப்பா பெயரில் வாங்கியது, தனிப்பட்டா. அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வயல் நீங்கள் சொன்ன மாதிரிதான், கூட்டுப் பட்டாவில் 7 பேர். இன்று மாலை போய்ச் சொல்கிறேன்.

கீழமடை

நான் நிலம் இல்லாதவன். என் அம்மா 14 வருடமாக வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுத வயலும் ஒரு சாலைக்குப் போனது. நிலத்துக்காரருக்குப் பணம் வந்தது, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. இந்த இழையிலும் இதுவரை யாரும் பேசவில்லை.

அவனியாபுரம் கனி

நீங்கள் சொன்னது சரி, மன்னிக்க வேண்டும். சட்டத்தில் உங்கள் அம்மாவுக்கு இடம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் அல்ல. எடுப்புக்கு முன் 3 ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலி எல்லோரும் அதில் வருவார்கள். இரண்டாவது அட்டவணையில் ஒரு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. இடம்பெயர்கிற குடும்பத்துக்கு ஓராண்டு வரை மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000, மீள்குடியேற 50,000. வீடு போனால் வீடு.

நடப்பில் என்ன ஆகிறது என்றால், வாரத்துக்கு உழுததற்கு எழுத்தில் ஒரு வரி கூட இருப்பதில்லை. 1969-ம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிந்து வைக்கலாம், ஆனால் நிலத்துக்காரர் மனம் கோணும் என்று யாரும் பதிவதில்லை. விதை நெல் வாங்கிய ரசீது, கொள்முதல் நிலையச் சீட்டு, நூறு நாள் வேலை அட்டை, எது இருந்தாலும் வைத்து மனுக் கொடுங்கள்.

எங்களுக்கு விமான நிலையம் பக்கம். 2024 நவம்பரில் விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்தபோது சின்ன உடைப்பு ஊர் மக்கள் மறுவாழ்வும் மாற்று இடமும் கேட்டு நின்றார்களே, அது இதுதான். பணத்தை வாங்கிக்கொண்டு தனித்தனியாகச் சிதறுவதற்கும், ஊராக ஓர் இடத்தில் போய் உட்காருவதற்கும் இருக்கும் தூரம் எந்த மதிப்பீட்டிலும் வராது.

கீழமடை

நன்றி அக்கா. கொள்முதல் சீட்டு இரண்டு வருடத்துக்கு அம்மா பெயரில் இருக்கிறது. தேடி எடுக்கிறேன்.

உசிலைக்காரன்

அவார்டு குறைவாக வந்தால் என்ன செய்வது? பணத்தை வாங்காமல் இருக்க வேண்டுமா?

தென்கரையான்

வாங்கலாம். ஆனால் "ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க வேண்டும், நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். நெடுஞ்சாலை என்றால் அடுத்து மத்தியஸ்தரிடம் போக வேண்டும், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் மத்தியஸ்தர். ஆதாரம் முழுவதையும் அங்கேயே வைத்துவிடுங்கள். அதற்கு மேல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மத்தியஸ்தர் போட்ட தொகையை நீதிமன்றமே உயர்த்திக் கொடுக்க முடியாது, ரத்துதான் செய்யலாம் என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு விவசாயிகள் வழக்கில். 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், திருத்துவதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள், ஆனாலும் குறுகிய இடம்தான்.

கண்மாய்க்கரை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஆட்சேபனை மனுக் கொடுத்துவிட்டோம். வாய்க்காலில் பாயும் 19 வயல்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டுப் பட்டாக்காரர்கள் 7 பேரும் அத்தை மகள்களையும் கூப்பிட்டு வைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் எங்கள் ஊர் சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு வில்லங்கம் பார்த்தேன். பார்ப்பதற்குக் காசு இல்லை, நான்கு ராத்திரி ஆனது. 3 வருடத்தில் எங்கள் மாதிரி நஞ்சைக்கு 12 கிரயப் பத்திரம். 9 பேர் வழிகாட்டி மதிப்பைத்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் மட்டும் 42,000, 40,000, 38,000 என்று எழுதியிருக்கிறார்கள்.

மேல் பாதி என்றால் 6 பத்திரம். இந்த மூன்றும், 15,000 எழுதிய மூன்றும். சராசரி 27,500 வருகிறது. பத்திர எழுத்து ஐயா போட்ட மாதிரியே கணக்குப் போட்டேன், 32.5 லட்சம். அந்த மூன்று பேர் உண்மை விலை எழுதியதால் எங்களுக்கு 12.5 லட்சம் கூடுகிறது. அவர்களில் இருவரை எனக்கு முகம் கூடத் தெரியாது.

மூன்றாமவர் தெரிந்தவர்தான், பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாத்தியார். வங்கிக் கடன் போட்டு வாங்கியதால் முழு விலையையும் எழுதினாராம். அன்று ஊரில் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். நாளைக் காலை நானும் அப்பாவும் அவர் வீட்டுக்குப் போகிறோம். தென்னையில் இரண்டு குலை இறக்கி வைத்திருக்கிறார் அப்பா.